எஞ்சின் சூடாகும் புகார் கணக்கில் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாங்கி மூன்று ஆண்டுகூட ஆகாத எங்கள் கார், சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போதெல்லாம் சூடாகி நின்றுவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் விட்டால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றிக் கொடுத்து, "ஏ.சி.யைக் குறைச்சு வெச்சு ஓட்டுங்க சார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். வண்டியின் குறையையும் செய்த வேலையையும் எழுதித் தரும் ஜாப் கார்டைப் பார்த்தால் ‘கூலன்ட் டாப் அப்’ என்று மட்டும் இருக்கிறது. எஞ்சின் சூடாகிறது என்று நான் சொன்னது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அங்கே காத்திருந்த இன்னொருவருக்கும் அதே மாடல், அதே புகார், அதே பதில்தான்.

அடைத்து வைத்த அமைப்பில் கூலன்ட் சும்மா குறையாது. ஹோஸ், வாட்டர் பம்ப், எஞ்சினுக்கும் அதன் மேல்பாகத்துக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் என்று எங்கோ கசிகிறது. அதைத் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஒருநாள் எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையும், விரிசல் விடும். விரிசல் வழியே கசியும் ஆயில் கொதிக்கும் பாகங்கள்மீது பட்டால் தீப்பிடிக்கும். தென்னாப்பிரிக்காவில் ஃபோர்டு குகா 1.6 லிட்டர் கார்களில் நடந்தது இதுதான். பல வண்டிகள் எரிந்த பிறகே, 2017 ஜனவரியில் 4,556 கார்களைத் திரும்பப் பெற்றார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 110ஏ பிரிவின்படி, பழுதுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி அரசு உத்தரவிடலாம். ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டியாக இருந்தால், உரிமையாளர் அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் புகார் தரலாம். ஆனால் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கும் கார் என்றால், அரசு நடவடிக்கையில் இறங்க 1,250 புகார் சேர வேண்டும். இப்படி ஒரு வசதி இருப்பதே என் அக்கம்பக்கத்தில் கார் வைத்திருக்கும் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் அத்தனை புகார் எப்படிச் சேரும்? வாய்மொழியாகச் சொன்னதெல்லாம் சர்வீஸ் சென்டர் கவுண்டரோடு முடிந்துபோகிறது.

வாடிக்கையாளர் சொன்ன குறையை அவர் சொன்னபடியே ஜாப் கார்டில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். எஞ்சின் சூடு, ஆயில் கசிவு, பிரேக் போன்ற உயிருக்கு ஆபத்தான புகார்கள் சர்வீஸ் சென்டரிலிருந்தே நேராக அரசின் கணக்கில் சேர வேண்டும். நிறுவனங்களின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் தகவல்தானே, இதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பதிவுச் சான்று கொடுக்கும்போதே இந்தப் புகார் வசதியைப் பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் ஒரு துண்டுச் சீட்டில் அச்சிட்டுத் தரலாம்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறினாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ, அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். ஜாப் கார்டில் நீங்கள் சொன்னது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தர்மபுரி.