மாதவிலக்கு நின்ற பிள்ளையை ஓடவிடாதீர்கள்: சேலம் தடகளப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கும் விடுதிப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் போட்ட அறிவிப்பைப் படித்தேன். போட்டி நெருங்குவதால் மாணவிகளுக்கு இரவில் சாதம் கிடையாதாம், சப்பாத்தி இரண்டுதானாம், எடை குறைந்தால் டைமிங் தானாக வருமாம். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நான் மட்டும் பதில் போடவில்லை. என் பதில் இது.

என் மகளைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1500 மீட்டர் ஓடுகிறவள், பதினாறு வயது, இப்போது கட்டுப் போட்ட காலோடு ஏற்காட்டில் வீட்டில் கிடக்கிறாள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இந்த மாதிரி மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். “ஷின் பெயின்தாம்மா, ஐஸ் வெச்சு ஓடட்டும்” என்றீர்கள். ஓடினாள். பிறகு எம்.ஆர்.ஐ.யில்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விரிசல் தெரிந்தது. படத்தைப் பார்த்த எலும்பு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “பீரியட்ஸ் ஒழுங்கா வருதா பாப்பா?” வரவில்லை. அஞ்சாறு மாதமாகவே இல்லை. விடுதியில் சொல்லியிருக்கிறாள். “நல்லதுதானே, போட்டி நேரத்துல தொந்தரவு இல்ல” என்று பதில் வந்திருக்கிறது.

நல்லதா?

விடுதியின் காலைப் பொழுதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஐந்தரைக்கு கிரவுண்டு. அதற்கு முன் ஒரு டம்ளர் டீ, இரண்டு பிஸ்கட். பயிற்சி முடிய ஏழே முக்கால். குளியலறைக்கு வரிசை. ஈரத் தலையைப் பின்னிக்கொண்டு வந்தால் பள்ளி மணி அடிக்கப்போகிறது. ஆறிப்போன இட்லியில் இரண்டை நின்றபடியே வாயில் போட்டு, மூன்றாவதை நோட்டுத் தாளில் சுருட்டிப் பைக்குள் வைப்பாளாம். அந்தத் தாள்கள் சிலவற்றை அவள் பையில் பார்த்தேன். கணக்குப் பாடத்தின் மேல் சட்னிக் கறை. சிலதில் இட்லியும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வகுப்பில் சாப்பிட முடிந்தால்தானே. ஞாயிற்றுக்கிழமை அதே டீயோடு அடிவாரத்திலிருந்து மலை ஓட்டம், இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல். ஆக, அவள் வயிறு நிறைய உண்டது இரவுச் சாதம் ஒன்றுதான். அதைத்தான் இப்போது மற்ற பிள்ளைகளுக்கும் நிறுத்தச் சொல்கிறீர்கள்.

ஓடி எரித்தது போக மீதிச் சத்தில்தான் உடம்பு மற்ற வேலைகளைப் பார்க்க வேண்டும். கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 45 கலோரி மிஞ்சினால் நல்லது. அது 30க்குக் கீழே இறங்கினால் மூளை சினைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் சரிகிறது, மாதவிலக்கு நிற்கிறது, எலும்பு கட்டுவதைவிடக் கரைவது வேகமாகிறது. பார்க்க ஒல்லியாக இல்லாத பிள்ளைக்கும் இது வரும். அதுவும் எந்த வயதில்? வாழ்நாளுக்கான எலும்புச் சத்தில் பெரும்பகுதி இருபதுக்குள் சேர்ந்தாக வேண்டிய வயதில். மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவழைத்துவிடலாமே என்று ஒருவர் சொன்னார். மாத்திரையில் உதிரம் வரும். பசித்த எலும்பு அப்படியேதான் இருக்கும். விளையாட்டு மருத்துவர்கள் இந்தச் சிக்கலுக்கு 1992இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் விரிவாக எழுதியது. சேலத்துக்கு இன்னும் தபால் வரவில்லை போலும்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் நம் தமிழ்நாட்டு ஓட்டக்காரி சாந்தி வென்ற வெள்ளியைப் பறிக்கப் பாலினப் பரிசோதனை நடத்த முடிந்தது. பதக்கத்தைப் பிடுங்குவதென்றால் பெண்ணின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் எலும்பைக் காப்பாற்றுவதென்றால் மட்டும் “அதெல்லாம் பொம்பளை சமாச்சாரம்.” களியும் பாலும் கேட்டால் வெயிட் போடும் என்கிறீர்கள். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நம் ஊரில் அதற்கா பஞ்சம்?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். மூன்று மாதம் மாதவிலக்கு வராத பிள்ளையை, பதினைந்து முடிந்தும் வயசுக்கு வராத பிள்ளையை, மருத்துவர் பார்த்துச் சரி சொல்லும்வரை கடும் பயிற்சியில் ஓடவிடாதீர்கள். இவ்வளவுதான். இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம், ஒரு நோட்டு போதும். கிராம சுகாதார செவிலியரான நான் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்பது கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைத்தான். உங்கள் விடுதியில் ஒரு பெண் ஆசிரியை மாதம் ஒருமுறை தனியாக அழைத்துக் கேட்டால் ஆயிற்று. அந்த நோட்டு அவரிடமே இருக்கட்டும், சுவரில் ஒட்ட வேண்டாம். நின்றுவிட்டது என்று சொல்கிறவளை அணியை விட்டுத் தூக்காதீர்கள். தூக்கினால் அடுத்தவள் பொய்த் தேதி சொல்வாள். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் சூடான டிபன் கொடுங்கள். பள்ளிக்குக் கால் மணி தாமதமானால் தலைமையாசிரியரிடம் பேச நாங்கள் வருகிறோம்.

உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. விடியுமுன் கிரவுண்டில் நிற்பவர்கள் நீங்கள். என் மகள் ஓடக் கற்றதும் உங்களிடம்தான். அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன்: மாதவிலக்கு நின்ற பிள்ளையை மருத்துவரிடம் அனுப்பாமல் ஓடவிடாதீர்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு மலையிலிருந்து இறங்கி வருகிறேன். நோட்டு வாங்கக் காசில்லை என்றால் வரும்போது நானே வாங்கி வருகிறேன். அதற்குள் அந்த இரவுச் சாத அறிவிப்பைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
ஏற்காடு