சூழல் அறவியல் வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எழுந்த குறை இதுதான்: நம் அமர்வுகளில் பேச்சுக்குப் பஞ்சமில்லை, முடிவுதான் எட்டுவதில்லை. அதை ஏற்று இவ்வாண்டு நடைமுறையை மாற்றினோம். “இயற்கை புனிதமா?” என்பது போன்ற தலைப்புகள் நீக்கப்பட்டன. ஒவ்வொரு அமர்வுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் சொல்லியாக வேண்டிய ஒரே கேள்விதான் வைக்கப்பட்டது. கூடவே நான்கு வரி கொண்ட தாள் ஒன்றும் தரப்பட்டது. யார் யாருடைய நன்மை தீமை கணக்கில் வரும்? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை? முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? முடிவு தவறிவிட்டால் திருத்த வழி உண்டா? இந்த வரிசையை மாற்றக் கூடாது. மூன்றாவது கேள்வியில் தொடங்கிய அமர்வு ஒன்று அரை மணி நேரத்தில் அரசியல் சண்டையாகி, முதல் கேள்விக்குத் திரும்பவே இல்லை.

ஆண்டின் கனமான அமர்வு பசிபிக் பெருங்கடலிலுள்ள கலாபகோஸ் தீவுகளின் ஆடுகளைப் பற்றியது. 1959இல் பிந்தா தீவில் விடப்பட்ட மூன்று ஆடுகள் பல ஆயிரமாகப் பெருகின. வேறு தீவுகளிலும் இதே கதைதான். செடிகொடியை ஆடுகள் மொட்டையடித்ததால் ராட்சத ஆமைகளுக்குத் தீனியும் நிழலும் இல்லாமல் போயின. ஆடுகளை ஒழிக்க 1997 முதல் 2006 வரை அங்கே நடந்த இசபெலா திட்டத்தில் 1,40,000க்கும் மேற்பட்ட ஆடுகள் கொல்லப்பட்டன. கேள்வி: இது சரியா?

முறையை அறியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஹெலிகாப்டரிலிருந்து சுட்டே பெரும்பகுதியைத் தீர்த்துவிடலாம். தப்பிப் புதருக்குள் ஒளியும் கடைசிச் சில ஆடுகள்தான் பெரும்பாடு. அதற்காக ஓர் ஆட்டைப் பிடித்து, இனப்பெருக்கம் செய்யாதபடி ஆக்கி, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விடுவார்கள். ஆடு கூட்டத்தில் வாழும் பிராணி, தனியாக இருக்காது. ஒளிந்திருக்கும் தன் இனத்தை அது தேடிக் கண்டுபிடிக்கும். வேட்டைக்காரர்கள் சமிக்ஞையைத் தொடர்ந்து வந்து, பட்டை கட்டிய ஆட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைச் சுடுவார்கள். அது மறுபடியும் துணை தேடிக் கிளம்பும். இதற்கு ‘யூதாஸ் ஆடு’ என்று பெயர். இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸுக்குத் தான் செய்வது தெரிந்திருந்தது, ஆட்டுக்குத் தெரியாது. இந்தப் பெயர் ஆட்டுக்கு இழைக்கும் அநியாயம் என்பது என் சொந்தக் கருத்து.

மூன்று நிலைப்பாடுகள் மோதின. அமெரிக்கச் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டின் மண்ணறம் (1949) உயிர்ச் சமூகத்தின் முழுமை, நிலைப்பு, அழகு ஆகியவற்றை அளவுகோலாக வைக்கிறது. அதன்படி ஆடுகள் போகத்தான் வேண்டும். விலங்குரிமைத் தத்துவவாதி டாம் ரீகன் (1983) இதைச் ‘சூழல் பாசிசம்’ என்றே கண்டித்தார். தனி விலங்கின் உரிமையை மொத்தத்தின் நலனுக்காகப் பலியிட முடியாது என்பது அவர் வாதம். வலியையும் இன்பத்தையும் அளவுகோலாக வைக்கும் தத்துவவாதி பீட்டர் சிங்கர் வழியில் போனால் ஆட்டின் வலியையும் பட்டினியால் சாகும் ஆமையின் வலியையும் ஒரே தராசில் வைக்க வேண்டும். ரீகன் பக்கம் பேசியவர்கள் வலுவாகத்தான் பேசினார்கள். ஆனால் ஆமையும் தனி விலங்குதானே என்ற கேள்விக்கு நேரடியான பதில் வரவில்லை.

முட்டுக்கட்டையை உடைத்தது தத்துவவாதி பால் டெய்லரின் (1986) ஈடுசெய் நீதி என்ற கோட்பாடு. தீங்கைக் கொண்டுவந்தவருக்கே அதைச் சரிசெய்யும் கடனும் உண்டு. ஆட்டைக் கொண்டுபோய் விட்டது மனிதன், ஆகவே கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதும் ஒரு செயல்தான். பெரும்பான்மையினர் நிபந்தனைகளோடு ‘ஆம்’ என்றனர். தொடங்கினால் கடைசி ஆடு வரை முடிக்க வேண்டும். நூற்றில் தொண்ணூற்றொன்பதைக் கொன்று நிறுத்தினால் மிச்சமுள்ளவை மீண்டும் பெருகும், செத்தவை வீணாகச் செத்தவை ஆகும். மறுபடி ஆடு வந்து சேரும் வழியையும் அடைக்க வேண்டும். பாதிக்கு மட்டும் நிதி வைத்துக்கொண்டு தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. எதிர்த்தவர்களின் காரணங்கள் குறிப்பேட்டில் முழுமையாக எழுதப்பட்டுள்ளன.

‘கடைசி மனிதன்’ அமர்வு எதிர்பார்த்த அளவு போகவில்லை. தத்துவவாதி ரிச்சர்ட் ரூட்லி 1973இல் வைத்த புதிர் அது: உலகில் எஞ்சிய ஒரே மனிதன், தன்னால் முடிந்த மட்டும் எல்லா உயிர்களையும் அழிக்கிறான். பாதிக்கப்பட வேறு மனிதர் யாரும் இல்லை. அவன் செய்வது தவறா? தவறு என்றால், மனித நலனுக்கு அப்பாலும் மதிப்பு இருக்கிறது என்றாகிறது. பலர் “யாராவது உயிரோடு இருக்கலாமே” என்று புதிரையே மாற்றிவிட்டார்கள். நிபந்தனைகளைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டுத்தான் தொடங்கியிருக்க வேண்டும், அது செயலாளரின் பிழை. இன்னொரு தத்துவவாதி தாமஸ் ஹில் 1983இல் கேள்வியையே திருப்பிப் போட்டார்: அந்தச் செயல் ஏன் தவறு என்பதை விட்டுவிட்டு, எப்படிப்பட்ட ஆள் அதைச் செய்வான் என்று கேட்டார். உறுப்பினர்களுக்கு அதுவே பிடித்திருந்தது.

எதிர்காலத் தலைமுறை பற்றிய அமர்வில் கணிப்பொறி தேவைப்பட்டது. 100 ஆண்டு கழித்து வரும் 1000 அலகு நட்டத்துக்கு இன்று என்ன மதிப்பு? கழிவு வீதம், அதாவது எதிர்கால மதிப்பை ஆண்டுக்கு எவ்வளவு குறைத்து எண்ணுகிறோம் என்ற வீதம், 1.4 விழுக்காடு என்றால் சுமார் 249. 3 விழுக்காடு என்றால் 52. 5 விழுக்காடு என்றால் 8கூட இல்லை. 1.4 என்பது காலநிலை மாற்றத்தின் பொருளாதாரம் பற்றி 2006இல் பிரிட்டனில் வந்த ஸ்டெர்ன் அறிக்கையை ஒட்டிய எண். அதில் 1.3 வளர்ச்சிக்கானது, பின்னால் வருபவர்கள் நம்மைவிட வசதியாக இருப்பார்கள் என்ற கணிப்பு. மீதி 0.1 மட்டுமே வெறும் காலத்துக்கானது, அதுவும் மனித இனமே அற்றுப்போகும் வாய்ப்பைக் கருதி. பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹாஸ் இந்தக் கடைசிக் கூறுக்கு 1.5 வைத்தார். நாளை பிறப்பவர் நாளை பிறக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அவருடைய நலனைக் குறைத்து எண்ணலாமா என்பது அறக் கேள்வி, அது ஒரு தசம எண்ணாக மாறி அட்டவணைக்குள் உட்கார்ந்துவிடுகிறது. உள்ளார்ந்த மதிப்பைப் பற்றி, அதாவது யாருக்கும் பயன்படாவிட்டாலும் ஒன்றுக்குத் தன்னளவில் உள்ள மதிப்பைப் பற்றி, மணிக்கணக்கில் வாதாடும் நாம் இந்த எண்ணை ஒருமுறைகூடக் கேள்வி கேட்டதில்லை. கணக்கில் பொதுவாக நேர்ந்த பிழை, 1.4ஐ நூறால் பெருக்கிக் கழித்தது. இது கூட்டுவட்டிபோல் ஆண்டுக்காண்டு வகுத்துக்கொண்டே போக வேண்டிய கணக்கு. பணவீக்கத்தைச் சேர்த்தவர்களும் உண்டு, அதை நீக்கிய பிறகே வீதம் பொருத்த வேண்டும்.

ஆறுகளுக்குச் சட்ட ஆளுமை தருவது, அதாவது மனிதரைப்போல் உரிமையும் பொறுப்பும் உடையவை என்று சட்டம் ஏற்பது பற்றி ஓர் அமர்வு. நியூசிலாந்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் வாங்கநூயி ஆற்றை மலை முதல் கடல் வரை பிரிக்க முடியாத ஓருயிராக ஏற்று, அதற்காகப் பேச இருவரை அமர்த்த வழி செய்தது. ஒருவரை அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் முன்மொழிவர், மற்றவரை அரசு. அதே ஆண்டு உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்ட ஆளுமைகள் என்றது. வெள்ளம் வந்து சேதமானால் பொறுப்பு யாருக்கு என்று மாநில அரசே மேல்முறையீட்டில் கேட்டது, உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஆளுமை என்று அறிவிப்பது சுலபம். பேசுபவர் யார், பொறுப்பேற்பவர் யார் என்று எழுதிவைக்காத அறிவிப்பு நிற்காது.

கலைச்சொல் பட்டியலில் இரண்டு திருத்தங்கள். ‘தன்மதிப்பு’ என்றால் சுயமரியாதை என்று பொருள்படுவதால் ‘உள்ளார்ந்த மதிப்பு’ என்றே எழுதுக. ‘பயன்மதிப்பு’ பொருளியலில் வேறு வேலை செய்துகொண்டிருப்பதால் அதற்குப் பதில் ‘கருவி மதிப்பு’ (வேறொன்றுக்குப் பயன்படுவதால் வரும் மதிப்பு). ‘இயற்கை’ என்ற சொல் மட்டும் தீரவில்லை. செயற்கைக்கு எதிர்ச்சொல்லாக அதை வைத்ததும் மனிதன் வெளியே போய்விடுகிறான், இருப்பதெல்லாம் இயற்கை என்றால் அணுவுலையும் உள்ளே வந்துவிடுகிறது. அஃறிணை என்று விலங்கைச் சொல்வதே இழிவு என்று ஒரு திருத்தம் வந்தது. திணை என்பது இலக்கண வகுப்பு, எழுவாய்க்கு ஏற்ற வினைமுற்றைச் சொல்கிறதே தவிர விலங்கின் மதிப்பை நிர்ணயிப்பதில்லை என்று விளக்கி, அத்திருத்தம் ஏற்கப்படவில்லை.

குறிப்பேட்டில் இரண்டு அமர்வுகளின் எதிர்க்கருத்துகள் பதிவாகவில்லை. உரியவர்கள் எழுதித் தந்தால் சேர்க்கப்படும். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஆண்டின் முதல் கேள்வி: அழிந்துபோன ஓரினத்தை மரபணு வழியில் மீட்க முடிந்தால் மீட்க வேண்டிய கடமை நமக்கு உண்டா? நான்கு வரித் தாளை நிரப்பிக்கொண்டு வரவும். வெற்றுத் தாளோடு வருபவர்கள் முதல் அரை மணி நேரம் கேட்பவர்களாக மட்டும் இருப்பார்கள் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்