கறுப்பன் வந்த ராத்திரி

மார்த்தாண்டம்

அன்பு மக்களே,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. இங்கே மழை விடவில்லை, பத்து நாளாக ரப்பர் வெட்டு இல்லை. அம்மாவுக்கு முட்டுவலி, மற்றபடி சுகம்.

போன வாரம் ஒரு வார்த்தையும் எழுதாமல் அந்த இங்கிலீஷ் கட்டுரையை மட்டும் வாட்சப்பில் அனுப்பினாய். அப்புறம் போன் இல்லை. அம்மா கூப்பிட்டும் எடுக்கவில்லை. பெற்றவளிடம் பேச ஒரு நிமிஷம் கிடைக்காதா? ஆனாலும் சபையில் யார் கேட்டாலும், என் மகள் குழந்தைகள் வார்டில் நர்ஸ் என்று நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்கிறேன்.

மேலவீட்டுப் பையனை வாசித்துச் சொல்ல வைத்தேன். அமெரிக்காவில் பஃபலோ என்ற ஊரில், கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பராமரிக்கிற இடத்தில் கிறிஸ்டோபர் கெர் என்று ஒரு டாக்டர். அங்கே பெரியவர்கள் 59 பேரிடம் தினமும் கனவைப் பற்றிக் கேட்டு 2014-இல் எழுதியிருக்கிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏதாவது கண்டிருக்கிறார்கள். மயக்கத்தில் உளறுவது வேறு, இது வேறு என்கிறார். உளறுகிறவன் கலங்கிப்போய்ப் பேசுவான். இவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள், நேரில் பார்த்தது போலவே இருந்தது என்று. பெரும்பாலும் அது ஆறுதலாகவும் இருக்கிறதாம். பெரியவர்களுக்குச் செத்துப்போன தாய் தகப்பன் வருகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் செத்தவர்கள் என்று அதிகம் யார் இருக்கிறார்கள்? அதனால் அவர்கள் வளர்த்த நாயும் பூனையும் வருமாம். அந்த இடத்தில் பையனை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

"அப்பா, கறுப்பன் கட்டிலுக்கு அடியில கெடக்கு" என்று தம்பி சொன்னபோது நீ வாசலில் நின்றாய். "சும்மா கெட, மருந்துச் சூடு" என்று அதட்டினேன். அவன் கண்ணில் மயக்கம் இல்லை, எனக்குத் தெரியும். கறுப்பன் தக்கலை மாமா வீட்டில் நிற்கிறது என்று அவனிடம் சொன்னது நான்தான். உன்னையும் அப்படியே சொல்ல வைத்தேன். அந்த நாய் லாரியில் அடிபட்டதை மறைத்தது போலத்தான் அவன் நோயையும் மறைத்தேன். இரண்டும் அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்துதான் அதட்டினேன் மக்களே. பிறகு என்னிடம் அவன் கறுப்பன் பேரையே எடுக்கவில்லை.

உன் வார்டில் எந்தப் பிள்ளையாவது இப்படிச் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து கேள். நீ கேட்பாய், நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுவிட்டு வெறும் வயிற்றோடு மட்டும் படுக்காதே.

அன்றைக்கு ராத்திரி நான் வராந்தாவில் படுத்திருந்தேன். அவன் உன்னிடம் ரொம்ப நேரம் மெதுவாக என்னவோ பேசிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தடவை சிரித்தான். என்ன சொன்னான் என்று இத்தனை வருஷமாக நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இப்போது கேட்கிறேன். போனில் சொல்ல முடியாவிட்டால் தமிழில் எழுது, நானே வாசித்துக்கொள்வேன்.

அப்பா