பொடியனை உட்கார வைத்துவிட்டார்கள்

சார்லட்,
24 செப்டம்பர் 2024

டேய் முருகேசா,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "கிழவன் வந்தான், ஜெயிச்சான், இப்ப என்னடா சொல்ற?" என்று ஒரு கொக்கரிப்பு. பின்னணியில் பந்து தரையில் மோதும் சத்தம், நீ யாரையோ திட்டுகிற சத்தம். என் சுகரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பிள்ளைகளைப் பற்றி இல்லை. நானும் பொங்கலுக்கு அப்புறம் வாயைத் திறக்கவில்லைதான், அதனால் இதைப் பெரிதுபடுத்தவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது; இப்போது தூசியெல்லாம் தெரிகிறதாம், எங்களுக்குத்தான் கஷ்டம். சின்னவள் கார் ஓட்டப் பழகுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முருகா முருகா என்கிறேன், உன்னை இல்லை. செல்வராஜ் வீட்டுக் கல்யாணத்துக்கு வர வழியில்லை. என் பெயருக்கு மொய் எழுதிவிடு, பழைய பாக்கியோடு சேர்த்துக்கொள். எந்தப் பாக்கி என்று கேட்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை லாஸ் வேகாஸில் நீ சொன்ன கிழவன், எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் பாந்தர்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ஆண்டி டால்டன் ஆடியது அழகு. எறிந்து எடுத்தது 319 யார்டு தூரம், எல்லைக்கோட்டைத் தாண்டின டச்டவுன் பாஸ் மூன்று, ரெய்டர்ஸுக்கு எதிராக 36-22 வெற்றி. அதற்கு முந்தின இரண்டு ஆட்டமும் சேர்த்து பாந்தர்ஸ் எடுத்ததே 13 புள்ளி. திங்கட்கிழமை ஆபீசில் ஒவ்வொருத்தன் முகத்திலும் தீபாவளி. போன வாரம் வரை டீம் பெயரையே எடுக்காதவனெல்லாம் நீலச் சட்டையில் வந்து நின்றான். அத்தனை பேர் வாயிலும் உன் கேள்விதான்: சின்னப் பையன் பிரைஸ் யங்கை உட்கார வைத்து டால்டனை இறக்கியது சரிதானே?

சரிதான். முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மேலே படிக்க மாட்டாய். இந்த சீசனின் முதல் ஆட்டத்தில் அவன் எறிந்த முதல் பந்தே எதிரணி செயின்ட்ஸ் கைக்குப் போனது, 47-10 தோல்வி. அடுத்த வாரம் சார்ஜர்ஸ் இங்கே வந்தார்கள். வெயிலில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டம் முழுக்க எறிந்து அவன் எடுத்தது 84 யார்டு. ஆள் தனியாக நின்று கையைத் தூக்குகிறான், இவன் பார்க்கவில்லை, பார்த்தாலும் எறியவில்லை, எறிந்தாலும் ஒரு நொடி தாமதம். சுற்றிலும் ஊளை. எனக்கு அது குவார்ட்டர்பேக்காகவே தெரியவில்லை, வாத்தியார் கேள்வி கேட்டதும் விடை மறந்து நிற்கிற பையன் மாதிரி இருந்தது. போன வருஷம் அவனுக்கு முன்னால் நின்று காக்கிற லைன் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த வருஷம் அந்த லைனில் கார்டு இடத்துக்கு ராபர்ட் ஹன்ட்டை ஐந்து வருஷத்துக்கு பத்து கோடி டாலர் கொடுத்து எடுத்துவிட்டார்கள், அதுவும் சொல்ல முடியாது. அந்த நிலையில் அவனை இன்னும் களத்தில் நிறுத்துவது தண்டனை.

ஆனால் நீ சொல்வது அது இல்லையே. "சரக்கு இல்லை, தூக்கு" என்கிறாய். சண்டை அங்கேதான்.

புதுப் பையன்களை டீம்கள் வரிசைப்படி எடுக்கிற டிராஃப்டில் இந்தப் பையனை முதலாவதாக எடுக்க, 2023 மார்ச்சில் சிகாகோவுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார். அந்த வருஷத்து ஒன்பதாவது பிக் (ஒன்பதாவதாக ஆள் எடுக்கும் உரிமை), இரண்டாம் சுற்றில் ஒன்று, அடுத்த வருஷத்து முதல் சுற்று, 2025-இன் இரண்டாம் சுற்று, போதாததற்கு டி.ஜே. மூர். அதாவது அவன் பந்து எறிய இருந்த நல்ல ரிசீவரையே விலையாகக் கொடுத்துவிட்டு அவனை வாங்கினார்கள். அந்த முதல் சுற்றுப் பிக் கடைசியில் நம்பர் ஒன் ஆகி, சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. பிரைஸோ அலபாமாவில் கல்லூரி ஆட்டத்தின் பெரிய விருதான ஹைஸ்மன் வாங்கினவன், ஐந்தடி பத்தங்குலம், இருபத்தொரு வயது. அவனை முதல் நாளே இறக்கிவிட்டார்கள். 2023-இல் மட்டும் 62 சாக், அதாவது எறிவதற்குள் பந்தோடு தரையில் சாய்த்தது 62 தடவை. புதுப் பையன்களில் அதைவிட அதிகம் வாங்கினது ஹூஸ்டனின் டேவிட் கார் ஒருத்தர்தான், 2002-இல் 76. காரின் கதி உனக்குத் தெரியும். அத்தனை தடவை விழுந்தவனின் கண் மாறிவிடும். தூரத்தில் ஓடுகிற தன் ஆளைப் பார்க்கிறதை விட்டுவிட்டு, மோத வருகிறவனைப் பார்க்க ஆரம்பிப்பான். அதற்குப் பிறகு லைனை எவ்வளவு செலவழித்துச் சரிசெய்தாலும் கண் உடனே திரும்பாது.

உடனே ஸ்ட்ரவுட் என்பாய். தெரியும். அதே டிராஃப்டில் இரண்டாவதாகப் போன குவார்ட்டர்பேக், ஹூஸ்டனில் முதல் வருஷமே கொடி நாட்டினான். ஆனால் இங்கே வந்திருந்தால் நாட்டியிருப்பானா? குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட் இங்கேதான் 2022-இல் ஒன்றுக்கும் ஆகாதவனாக இருந்தான், டிசம்பரில் அனுப்பிவைத்தார்கள். போன சீசன் டாம்பாவில் அவன் பிளேஆஃபில் ஈகிள்ஸை வீட்டுக்கு அனுப்பினான். சாம் டார்னால்டை இங்கே கேலி செய்யாத நாக்கு உண்டா, நீயே பாட்டுக் கட்டினாயே! இப்போது மினசோட்டாவில் மூன்றுக்கு மூன்று ஜெயித்துக்கொண்டு நிற்கிறான். இங்கே வாடினதெல்லாம் வெளியே போய்ப் பூக்கிறது, மாப்ளே. இன்னும் கொடுமை, டாம்பாவில் மேஃபீல்டைத் தேற்றின டேவ் கனாலெஸ்தான் இங்கே இப்போது கோச். பிரைஸைத் தேற்றத்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். தேற்றுவதற்குக் கொடுத்துப் பார்த்தது இரண்டே ஆட்டம்.

இரண்டு ஆட்டம்! ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் இவன்தான் எங்கள் குவார்ட்டர்பேக் என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை டால்டன் என்று மாற்றினார். முடிவு தன்னுடையது என்றும் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் மேலே உட்கார்ந்திருக்கும் ஓனர் டேவிட் டெப்பரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. 2018-இல் டீமை வாங்கினதிலிருந்து ரிவேரா, ரூல், ரைக் என்று மூன்று கோச்சை சீசன் முடிவதற்குள்ளேயே அனுப்பியவர். ரைக்குக்கு 11 ஆட்டம்தான் கிடைத்தது. போன டிசம்பரில் ஜாக்சன்வில்லில் ரசிகர்கள் மேல் கையிலிருந்த பானத்தை வீசி, மூன்று லட்சம் டாலர் அபராதம் கட்டினார் அந்த மனிதர். தோற்கிற டீமில் குவார்ட்டர்பேக்கை மாற்றலாம், கோச்சை மாற்றலாம். ஓனரை யார் மாற்றுவது?

2005 டிராஃப்டை நினைத்துப் பார். முதலாவதாகப் போனவர் அலெக்ஸ் ஸ்மித், சான்பிரான்சிஸ்கோவுக்கு. அதே நாள் 24-வது இடம் வரை காத்திருந்து அவமானப்பட்டவர் ஆரன் ராஜர்ஸ். ஸ்மித்தை அந்த வருஷமே இறக்கினார்கள். ஒரு டச்டவுன் பாஸ், எதிராளி கைக்குப் போன இன்டர்செப்ஷன் 11. ராஜர்ஸோ கிரீன் பேயில் மூன்று வருஷம் பிரெட் ஃபார்வ் பின்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எவ்வளவு பெரிய ஆள் ஆனார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனால் எனக்கு ஸ்மித்தைத்தான் அதிகம் பிடிக்கும். அத்தனை அடியும் வாங்கி, பின்னால் கான்சாஸ் சிட்டி போய் நல்ல ஆட்டக்காரர் ஆகி, 2017-இல் மஹோம்ஸ் என்கிற பையன் வந்தபோது அவனை ஒரு வருஷம் தன் பின்னால் வைத்திருந்து பழக்கிவிட்டார். மஹோம்ஸ் அந்த சீசனில் ஸ்டார்ட் பண்ணினது கடைசி ஆட்டம் ஒன்றுதான்.

நீ பெய்டன் மேனிங்கை எடுத்துப் போடுவாய் என்று தெரியும். முதல் வருஷம், 1998-இல், 28 இன்டர்செப்ஷன், 3 வெற்றி 13 தோல்வி, ஆனாலும் அவரை யாரும் உட்கார வைக்கவில்லை, அடுத்த வருஷமே 13-3. ஒத்துக்கொள்கிறேன், எல்லாருக்கும் ஒரே மருந்து இல்லை. ஆனால் மேனிங் தப்பாக எறிந்தார், எறிய பயப்படவில்லை. அடி வாங்கிப் பயந்தவனுக்குத்தான் பெஞ்ச் வேண்டும். பிரைஸுக்கு அது போன வருஷம் செப்டம்பரில் கிடைத்திருக்க வேண்டும். டால்டன் அப்போதும் இங்கேதான் இருந்தார்!

இனி என்ன செய்வார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. டால்டனுக்கு அடுத்த மாதம் 37. அவரை வைத்து இன்னும் எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் அடுத்த வருஷத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. பையனை அந்த வருஷத்துக்காக வைத்துக்கொள்வார்களா, நவம்பருக்குள் ஏதோ ஒரு பிக்குக்குத் தள்ளிவிடுவார்களா? அனுப்பினால் அவன் வேறு எங்காவது எழுந்து நிற்பான், நாம் இங்கே டார்னால்ட் கதையை மறுபடி பேசுவோம். வைத்துக்கொள்வதாக இருந்தால் யாராவது அவனிடம் நேராகப் பேச வேண்டும்: எதற்கு உட்கார்ந்திருக்கிறாய், என்ன பார்க்க வேண்டும், எப்போது திரும்புவாய் என்று.

அதற்கு டால்டனே போதும் என்று ஒரு நம்பிக்கை. சின்சினாட்டியில் 2019-இல் அவரை உட்கார வைத்தது அவருடைய பிறந்தநாள் அன்று. முப்பத்திரண்டாவது பிறந்தநாள். புதுப் பையன் மூன்று ஆட்டம் ஆடி மூன்றும் தோற்ற பிறகு மறுபடி அவரிடம்தான் வந்தார்கள். அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்த மனிதர்.

இதை இவ்வளவு எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. உன் மெசேஜில் திட்டு வாங்கியது யார்? உன் வாலிபால் டீமில் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற அந்த ஒன்பதாம் வகுப்பு செட்டரா? அவனை எடுத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பையனைப் போட்டதாகச் சொன்னாய். போட்டது சரியாகத்தான் இருக்கும், வாலிபாலில் உனக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அவனிடம் ஏன் என்று சொன்னாயா? திண்டுக்கல் மேட்சுக்கு முந்தின ராத்திரி நம் கோச் சார் நம் ரூமுக்கு வந்து, உன் கட்டிலில் உட்கார்ந்து, விரலைப் பிடித்துப் பார்த்து, நாளைக்கு நீ இல்லைடா, இன்னதுக்காக, என்று சொன்னாரே. நீ சாப்பிடாமல் படுத்தாய், யாரோடும் பேசவில்லை. காலையில் எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் நிரப்பினது நீதான். அடுத்த வருஷம் நடந்தது ஊருக்கே தெரியும். சார் சொல்லாமல், நோட்டீஸ் போர்டில் பெயரை மட்டும் எடுத்திருந்தால் நீ இன்றைக்குக் கோச்சாக இருப்பாயா? எனக்குத் தோன்றவில்லை. கோபித்துக்கொள்ளாதே. கோபித்தாலும் பரவாயில்லை, அந்தப் பையனிடம் ஒரு தடவை பேசு.

ஞாயிற்றுக்கிழமை சின்சினாட்டி இங்கே வருகிறது. டால்டன் தன் பழைய டீமுக்கு எதிராக ஆடுகிறார். உனக்கு ராத்திரி பத்தரை மணி. லிங்க் அனுப்பு என்று கேட்காதே, போன தடவை அனுப்பியதில் உன் போனில் புகுந்த வைரஸுக்கு மீனா இன்னும் என்னைத்தான் திட்டுகிறாள். முட்டிக்குத் தைலத்தை மட்டும் நம்பாமல் டாக்டரிடம் காட்டு. மொய் ஆயிரத்தொன்றுக்குக் குறையாமல் எழுது.

உன்,
ரவி