கொட்டாய் வேலை ஆரம்பிச்சாச்சு கண்ணு

கண்ணு நல்லாருக்கியா, அம்மாவுக்கு முட்டிவலி பரவால்ல, நேத்து கொழிஞ்சாம்பாறைக்கு பஸ்ல போயி காய் வாங்கிட்டு வந்துட்டா.

அன்னிக்கு போன்ல, அந்த பழைய சினிமா கொட்டாய எதுக்குப்பா எடுத்துக்கட்டறீங்க, இடிச்சுட்டு மண்டபம் கட்டுனா வாடகையாச்சும் வருமேன்னு கேட்டியல்ல, எனக்கு போன்ல கோர்வையா சொல்ல வராது, அதான் எழுதறேன். மண்டபம் ரோட்டுக்கு ரெண்டு இருக்கு சாமி. திரைக்கு முன்னால மேடையோட நாடகத்துக்கும் படத்துக்கும் சேத்து கட்டுன கொட்டாய் இந்தப்பக்கம் வேற எங்க இருக்கு சொல்லு.

மொத வேலையே செவுத்துல இருக்கற சிமெண்ட்ட கொத்தி எடுக்கறதுதான். உள்ள இருக்கறது செங்கல்லும் சுண்ணாம்பும், ஈரத்த குடிக்கும் வெயிலடிச்சா விட்ரும், அதும்மேல நடுவுல யாரோ சிமெண்ட்ட பூசிவிட்டு ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே நின்னு, இடுப்பு ஒசரத்துக்கு உப்பு பூத்து செங்கல்லு மாவா கொட்டுது. இப்ப கொத்தனாரு சுண்ணாம்ப தொட்டில ஊறப்போட்டு கடுக்காயும் வெல்லமும் ஊறுன தண்ணிய ஊத்தி அரைக்கறாரு, வாசம் ரோடு வரைக்கும் வருது. காய நாளாகும், அவசரப்பட்டா வெடிச்சிரும்ங்கறாரு. ஆகட்டும், நமக்கென்ன அவசரம்.

ஆபரேட்டர் ரூம்ல படம் ஓட்டற ரெண்டு மிசினும் அப்படியே நிக்குது. இரும்புக்கடைக்கு போடலாம்னாங்க, நான் விடல. நான் அங்க கையாளா நின்னவன். மிசினுக்குள்ள வெளிச்சம் குடுக்கற ரெண்டு கார்பன் குச்சியும் எரிய எரிய தேயும், நடுவுல இடைவெளி கூடிருச்சுன்னா திரைல வெளிச்சம் மங்கிரும், திருகிட்டே இருக்கணும், ரீல் முடியறப்ப படத்தோட வலது மேல் மூலைல ஒரு புள்ளி வரும், அதப் பாத்து அடுத்த மிசின ஓடவிடணும், ஏழு செகண்டுல இன்னொரு புள்ளி, அதுல டக்குனு மாத்தணும், கீழ உக்காந்திருக்கறவங்களுக்கு ரீல் மாறுனதே தெரியக்கூடாது. இனி படம் டிஜிட்டல்லதான் ஓடும், அது சரிதான், ஆனா ஒரு மிசினாச்சும் எரிய வெச்சு பசங்களுக்கு காட்டணும்னு சொல்லிருக்கேன்.

முகப்புல தமிழும் மலையாளமும் சேந்த பேரு இருக்குமே, அதுல ஒண்ண எடுத்தர்லாம்னு ஒரு பேச்சு வந்துது. எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. நம்ம சித்தூர் தாலூக்கா மொதல்ல கொச்சி ராஜாகிட்ட இருந்துச்சு, 1949ல திருவிதாங்கூர்-கொச்சில சேந்து, 1956ல கேரளாவுக்கு போச்சு, அதுக்காக இங்க தமிழ் பேசறவங்க எங்க போனாங்க? மலையாளத்துல மொத பேசும்படம் 1938ல வந்த பாலன், அத தயாரிச்சதே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்தான். நம்ம கொட்டாய்லயும் ஒரு வாரம் அது ஒரு வாரம் இதுன்னுதான ஓடுச்சு, ரெண்டுக்கும் விசிலடிச்சது ஒரே கூட்டந்தான். ரெண்டு மொழிப் பேரும் இருக்கட்டும்னு முடிவாயிருச்சு.

மலையாளத்துல கடைசி ரெண்டு எழுத்து மழைல விழுந்துபோச்சு. நீ பத்தாவது முடிச்சப்ப கூட்டாளிகளோட வாசல்ல நின்னு எடுத்த போட்டோல அது முழுசா தெரியும், உன்ற மெயில்ல இருக்கும் பாரு. சின்னதாக்காம அப்படியே அனுப்பு, கொத்தனாரு அச்சு வெட்ட அதுக்குத்தான் காத்துட்டிருக்காரு.

அப்பா