அந்த நான்கு பெயர்கள்

மாப்ளே,

நலம்தானே? அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு முன்பல் விழுந்து, பேச்சே பாதி காற்றாக வருகிறது. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 2024 ஜனவரி 1 அன்று காலமான செய்தி வந்தபோதே உனக்கு எழுத நினைத்தேன், தள்ளிக்கொண்டே போய்விட்டது. இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண், ஜிபிஎஸ் சிப் அனுப்பும் வரிகளைப் படிக்கிற ஃபங்ஷனைத் திருத்தி எழுதினாள். டாலர் குறிக்குக் காத்திருப்பது, உள்ளடக்கத்தைச் சேர்ப்பது, நட்சத்திரக் குறிக்குப் பின் செக்சமின் (வரி பிழையில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) முதல் எழுத்து, இரண்டாம் எழுத்து. மொத்தம் நான்கு நிலைகள். அந்த நான்குக்கும் ஓர் எனுமரேஷன் (சுருக்கமாக எனம், பெயர்களுக்கு வரிசையாக எண் கொடுக்கும் பட்டியல்), ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே. ஜிபிஎஸ் அனுப்பும் இந்த என்எம்இஏ வடிவ வரி 82 எழுத்தைத் தாண்டாது என்பதால் அந்த 82-க்கும் அங்கேயே ஒரு பெயர். சி மொழியில் கான்ஸ்ட் இன்ட் (மாறாத முழு எண்) போட்டு ஸ்டாட்டிக் அரேயின் அளவாக வைக்க முடியாதே, அதனால் அதையும் எனமாகவே எழுதியிருந்தாள். சி23 பதிப்பில் அதற்கென்றே கான்ஸ்டெக்ஸ்பர் வந்துவிட்டது, எங்கள் கம்பைலருக்குத்தான் இன்னும் வரவில்லை. பெயர் வரும் இடமெல்லாம் எண்ணை ஒட்டிவிடும் டிஃபைன் போடாமல் விட்டாளே, அதற்கே அவளைப் பாராட்ட வேண்டும். அதை ஃபங்ஷனுக்குள் எழுதினாலும் அடைப்புக்குறியை மதிக்காது, ஃபைல் முடியும்வரை ஓடும்.

டீம் லீட் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிட்டார். எல்லாக் கான்ஸ்டன்ட்டும், எல்லா ஃபைல்களும் சேர்த்துக்கொள்ளும் பொது ஹெடரில்தான் இருக்க வேண்டுமாம்.

டேய், அந்த ஹெடரை நீ பார்க்க வேண்டும். பரண் மாதிரி. ஏற்றுகிறார்கள், யாரும் இறக்குவதில்லை. மோடம் டிரைவரிலும் 'வெயிட்', ஜிபிஎஸ்ஸிலும் 'வெயிட்' என்று வந்து மோதி, இப்போது ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு முழ நீளத்துக்கு வால். எதை அழித்தால் எது உடையும் என்று ஒருவருக்கும் தெரியாது.

அவர் காட்டிய காரணம் பழைய சம்பவம் ஒன்று. கருவி எதனால் ரீசெட் ஆனது என்பதை ஒரு எனமாக வைத்து, அந்த எண்ணை ஃப்ளாஷில் சேமிக்கிறோம். யாரோ பட்டியலின் நடுவில் புதுக் காரணம் ஒன்றைச் செருக, கீழே இருந்ததெல்லாம் ஒரு எண் தள்ளிப்போனது. அப்டேட்டுக்கு முன் பேட்டரி கழன்றதாகப் பதிவானதெல்லாம், பின் வாட்ச்டாக் (ப்ரோக்ராம் தொங்கினால் ரீசெட் செய்யும் டைமர்) என்று காட்டியது. அதனால்தான் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்கிறார். மாப்ளே, அந்த எனம் அப்போதே பொது ஹெடரில்தான் இருந்தது! ஃப்ளாஷுக்கோ சர்வருக்கோ போகிற எண் என்றால் ஹெடரில் வை, ஒவ்வொன்றுக்கும் மதிப்பைக் கையால் எழுது. வெளியே போகவே போகாத நான்கு பெயர்களை ஏன் அதோடு சேர்த்துக் கட்ட வேண்டும்? உள்ளே இருந்தால் நாளைக்கு ஒரு நிலையைச் சேர்க்கவோ நீக்கவோ ஒரே திரையில் எல்லாம் தெரியும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கேஸ் எழுதும் ஸ்விட்சில் டீஃபால்ட் போடாமல் விட்டால், எச்சரிக்கைகளை இயக்கியிருந்தால் விடுபட்ட கேஸை ஜிசிசி கம்பைலரே சொல்லிவிடும்.

ஒன்று மட்டும் நியாயமாகக் கேட்டார்: டெஸ்ட் எழுதுகிறவனுக்கு அந்த நிலைகள் தெரியாதே? யோசித்துப் பார்த்தேன். தெரியவே கூடாது என்றுதான் தோன்றுகிறது. டெஸ்ட் எழுத்துகளை ஊட்டட்டும், தப்பான செக்சம் கொடுக்கட்டும், வரி வெளியே வருகிறதா என்று பார்க்கட்டும்.

நாம் லேபில் பாஸ்கல் கற்றபோது இதெல்லாம் கேள்வியாகவே இருந்ததில்லை. ப்ரொசீஜருக்குள் கான்ஸ்ட், டைப், வார், அப்புறம்தான் பிகின். 1970-இல் விர்த் வெளியிட்ட மொழி. உன் ஜாவாக்காரர்கள் மெத்தடுக்குள் எனம் எழுத 2021-இல் ஜாவா 16 வரவேண்டியிருந்தது. உங்கள் ஆபீஸில் இன்னும் 8 தானே? அனுபவி ராஜா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் சண்டை எதற்கு என்று எல்லாவற்றையும் ஹெடருக்கு மாற்றத் தயாராகிவிட்டாள். பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை உட்கார்ந்து விதியை மாற்றி எழுதப் போகிறோம். எங்கள் லீட் பக்கம் நின்று உன்னால் முடிந்தவரை என்னை எதிர்த்து ஒரு பதில் எழுது. ஞாயிறுக்குள் வேண்டும்.

உன்
மச்சான்