ஜன்னலின் மூலை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டெல்லி விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவன் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். ஜன்னலுக்கு ஏன் மூலையே இல்லை? கண்ணாடியின் அடியில் எதற்குக் குட்டித் துளை?

துளையை முதலில் முடித்துவிடுகிறேன். உன் கைக்கு எட்டுவது வெறும் தடுப்பு. அதற்குப் பின்னால் இரண்டு தகடுகள் உண்டு. துளை நடுத்தகட்டில் இருக்கிறது. அதன் வழியே காற்று போய்வருவதால் உள்ளேயிருக்கும் காற்றழுத்தத்தின் பளு முழுவதையும் வெளித்தகடு தாங்குகிறது. அது உடைந்தால் தாங்கத்தான் நடுத்தகடு. ஜன்னலில் பனி படியாமல் இருக்கவும் அந்தத் துளை உதவுகிறது.

மூலைக்குத்தான் பெரிய கதை. 35,000 அடியில் வெளியே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால்வாசிதான்; உள்ளே முக்கால்வாசி வைக்கிறார்கள். அந்த வித்தியாசம் ஒரு ஜன்னலை மட்டும் ஏறக்குறைய 400 கிலோ பளுவோடு வெளியே தள்ளும். இறங்கியதும் அது விட்டுவிடும். கம்பியை மடக்கி நிமிர்த்திக்கொண்டே இருந்தால் ஒடிகிறதே, அதே உலோகச் சோர்வு விமானத்துக்கும் உண்டு. தகட்டில் திறப்பு வெட்டினால் விசை அதைச் சுற்றித்தான் போக வேண்டும். திருப்பம் கூர்மையானால் அங்கே குவிந்துவிடும். ஐ.டி.ஐ.யில் உள்மூலையில் முதலில் துளை போட்டுவிட்டுத் தகட்டை வெட்டு என்று வாத்தியார் சொல்வாரே, அதற்கும் இதுதான் காரணம்.

பிரிட்டனின் காமெட் 1952 மே மாதம் பயணிகளை ஏற்றத் தொடங்கிய முதல் ஜெட் விமானம். 1954 ஜனவரியில் ஒன்று இத்தாலியின் எல்பா தீவருகே நடுவானில் சிதறியது. ஏப்ரலில் இன்னொன்று நேப்பிள்ஸ் பக்கம். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். தண்ணீர் காற்றைப் போலச் சுருங்கி விரியாது. அதனால் உடல் கிழிந்தாலும் வெடித்துச் சிதறாது, கிழிந்த இடம் அப்படியே கிடைக்கும். அந்த விமானம் ஏற்கெனவே 1,221 முறை பறந்திருந்தது; தொட்டியில் இன்னும் 1,836 முறை தாங்கிவிட்டுக் கிழிந்தது. தொடங்கிய இடம், அவசர வழிக்காக வெட்டிய திறப்பின் மூலையருகே.

சதுர ஜன்னல்தான் கொன்றது என்று பலரும் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. எல்பா அருகே கடலிலிருந்து எடுத்த தகட்டில் விரிசல் தொடங்கியது கூரையில், ஏரியலுக்காக வைத்திருந்த திறப்பில். என்னை இன்றும் உலுக்குவது வேறொன்று. தயாரித்தவர்கள் சோதிக்காமல் விடவில்லை. அவர்களுடைய சோதனை உடல் 16,000 முறை தாங்கியது. ஆனால் அதே உடலுக்கு அதற்கு முன்பே வழக்கமான அழுத்தத்தைப் போல இரு மடங்கு ஏற்றிப் பார்த்திருந்தார்கள். அதில் மூலைகளின் உலோகம் இம்மியளவு நிரந்தரமாக நீண்டு, அழுத்தம் இறங்கியதும் சுற்றியிருந்த உலோகம் அதை நெருக்கிப் பிடித்துக்கொண்டது. விரிசல் விழுவது தள்ளிப்போனது. சோதனையே அதைப் பலப்படுத்திவிட்டது, சேகர்! பறந்த விமானங்களுக்கு அந்தப் பலம் இல்லை.

அதனால்தான் இன்று விமானத்தின் வயதை ஆண்டில் மட்டும் பார்ப்பதில்லை, எத்தனை முறை ஏறி இறங்கியது என்றும் எண்ணுகிறார்கள். 1988இல் ஹவாயில் தீவுக்குத் தீவு குட்டிப் பயணமாகப் பறந்த அலோஹா நிறுவன விமானம் ஒன்றின் கூரை பிய்ந்து போனபோது, அது 89,680 முறை பறந்திருந்தது.

திரும்பி வரும்போது இறக்கைக்குப் பின்னால் இடம் கேட்டு வாங்கு. இறங்கும் நேரத்தில் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற தகடு எப்படி நீண்டு வளைகிறது என்று பார்த்து எழுது. அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எனக்கு மூட்டுவலி இப்போது பரவாயில்லை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாணிக்கம்